தெலுக் இந்தானில் ஆறு பேர், ஒன்றரை நாள்: எந்தக் கடையிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தே ஓ கோசோங் எழுதியது:

வணக்கம். வேலை மாற்றலாகித் தெலுக் இந்தானுக்கு வந்து சில மாதம் ஆகிறது, வீடு ஊத்தான் மெலிந்தாங் போகிற சாலையில். அடுத்த மாதம் என் கல்லூரிக் கூட்டாளிகள் கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போவிலிருந்து வருகிறார்கள். என்னையும் சேர்த்து ஆறு பேர், இரண்டு காடி (கார்). சனிக்கிழமை விடிகாலையில் வந்து ஞாயிறு மத்தியானம் கிளம்புகிற ஏற்பாடு. சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும், மீதி நேரமெல்லாம் சாப்பாடுதான் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார்கள்.

இணையத்தில் தேடினால் எல்லா வீடியோவும் அதே நாலைந்து இடத்தைத்தான் சுற்றுகிறது: சீ சியோங் ஃபன், மஸ்தான் கனி மீ ரெபுஸ், கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம். அங்கேயும் போவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தோட்டத்து ஜனங்கள் எங்கே பசியாறுகிறார்கள், எந்த மளிகைக்கடையில் மசாலா வாங்குகிறார்கள், எந்த ஒட்டுக்கடைக்கு மோட்டாரில் வந்து கூட்டமாக நிற்கிறார்கள், அதெல்லாம் யாரும் சொல்லவில்லை.

கூட்டத்தின் லட்சணம் இது: ஒருத்தி சுத்த சைவம், நெத்திலி வாசம்கூட ஆகாது. ஒருவர் முஸ்லிம். இரண்டு பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். ஒருவன் எதைப் போட்டாலும் சாப்பிடுவான், அவனைப் பற்றிக் கவலை இல்லை. நான் சீனி இல்லாத தே ஓ (பால் விடாத தேநீர்) கிடைத்தால் போதும் என்கிற ஆள். எப்படிச் சுற்றினால் எல்லாருக்கும் வயிறு நிறையும், கடைக்காரருக்கும் தொந்தரவு இருக்காது? வீட்டுக்கு வாங்கிப் போக ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள்.

பெரட்டு மணி எழுதியது:

தங்காச்சி, கடைப் பேரை அப்புறம் கேட்கலாம், முதலில் மணியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்காலம் முழுக்கத் தோட்டத்திலேயே இருந்தவன். இந்த ஊர் கடைகளின் நேரமெல்லாம் தோட்டத்து நேரத்திலிருந்து வந்தது. விடிவதற்கு முன்னால் பெரட்டு, அதாவது ஆளெண்ணி வேலை பிரிக்கிற கூட்டம், அதற்கும் முன்னால் வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும், வெயில் ஏறினால் செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அதனால் தோசைக்கல்லும் இடியப்பத் தட்டும் இருட்டோடு அடுப்பில் ஏறிவிடும். ரொட்டி சானாய், நாசி லெமாக் பொட்டலம், எல்லாம் அந்த நேரத்துச் சரக்குதான். காலை பத்தரைக்குக் குளித்து முழுகி வந்து தோசை கேட்டால் கல்லைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். பட்டணத்தில் நாள் முழுக்கத் தோசை போடுகிற கடைகளும் உண்டு, ஆனால் விடிகாலையில் சட்னி அரைத்த கை சூட்டோடு கிடைக்கிற தோசை வேறு.

பதினொன்றரையிலிருந்து இரண்டு மணி வரைக்கும் வாழையிலைச் சாப்பாடு. ஒரு மணிக்கு மேல் போனால் நல்ல கறி தீர்ந்திருக்கும், ஆனால் அதே நேரத்தில்தான் முதலாளியம்மா கொஞ்சம் உட்கார்ந்து பேசுவார், எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் வடை, பீசாங் கோரேங், செண்டோல். இருட்டினால் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை), இரவுச் சந்தை இருந்தால் சந்தை.

இன்னொன்று, தேதி. 1955-ஆம் வருசத்து வேலைச் சட்டப்படி போன மாதச் சம்பளம் இந்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்தாக வேண்டும். அதற்கு அடுத்து வருகிற சனி ஞாயிறு பட்டணம் நிற்க இடமில்லாமல் இருக்கும். ஆட்டுக்கறிப் பிரட்டல், நண்டு, இறால் எல்லாம் சட்டி நிறைய வைப்பார்கள், ஏனென்றால் விற்றுவிடும் என்று தெரியும். மாதக் கடைசியில் வந்தால் முட்டை, கருவாடு, சாம்பார், ஆனால் ஆற அமரச் சாப்பிடலாம். ஆறு பேர் அரட்டை அடிக்க வருகிறீர்கள் என்றால் நான் மாதக் கடைசிக்குத்தான் சொல்லுவேன். கருவாட்டுக்குழம்பை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு நாக்கு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஜெண்டராத்தா தோட்டம். 1906-இல் டேனிஷ்காரர்கள் ஆரம்பித்தது, இப்போதும் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ்தான். அங்கே டேனிஷ் முறையில் ரொட்டி சுடுகிற பேக்கரி இருக்கிறது. செம்பனைக்கு நடுவில் ஐரோப்பிய ரொட்டி! கூட்டாளிகளிடம் காட்ட நல்ல விசயம். ஆனால் அது தோட்டம், பேரங்காடி இல்லை, எப்போது விற்கிறார்கள், வெளி ஆள் எங்கே வாங்கலாம் என்று முதலிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள்.

சுறா2000 எழுதியது:

எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? கூகிள் வரைபடத்தைத் திறந்து நாலரை நட்சத்திரத்துக்கு மேல் இருக்கிற கடையாகப் பார்த்து வரிசையாகப் போங்க. ஒன்றரை நாளில் எட்டு கடை தாராளமா முடிக்கலாம். நாங்கள் பினாங்கில் அப்படித்தான் செய்தோம்.

கடைக்காரர் மகள் எழுதியது:

சுறா அண்ணே, எங்கள் கடை வரைபடத்திலேயே இல்லை. பேர்ப்பலகையில் இருக்கிற பேர் முந்தின வாடகைக்காரருடையது. அப்பா மாற்றவே இல்லை, வருகிறவர்களுக்கு ஆலமரத்துக் கடை என்றால் தெரியும். இந்த மாதிரி கடை சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ இருக்கிறது, உங்கள் நட்சத்திரம் அங்கெல்லாம் மின்னாது.

தே ஓ அக்கா, "கடைக்காரருக்குத் தொந்தரவு இருக்காது" என்று கேட்டீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். வேறு யாரும் இங்கே அதைக் கேட்டதில்லை.

ஒன்று, வாழையிலை. ஆறு பேர் வந்து மூன்று இலை போடச் சொல்லி "நாங்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம், இன்னும் ரெண்டு கடைக்குப் போகணும்" என்றால் எங்களுக்குக் கையைக் கடிக்கும். இலைச் சாப்பாட்டில் சோறு, மூன்று காய், பருப்பு, ரசம், மோர், அப்பளம் எல்லாம் ஒரே விலைக்குள் வந்துவிடும், கேட்டால் மறுபடியும் போடுவோம். இறைச்சியும் மீனும்தான் தனிக் கணக்கு. மூன்று இலையில் ஆறு பேர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டால் கணக்கு எப்படி வரும்? இலைக்கு உட்கார்ந்தால் ஆளுக்கு ஓர் இலை. பங்கு போட வேண்டும் என்றால் காலையில் போடுங்கள், தோசை, ரொட்டி, வடை எல்லாம் எண்ணிக் காசு வாங்குகிற சாமான், ஆறு பேர் ரெண்டு தோசையைப் பிய்த்துத் தின்றாலும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் இறைச்சித் தட்டுகளை நடுவில் வைத்துப் பங்கு போடுங்கள், அது எல்லாரும் செய்வதுதான்.

ரெண்டு, சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஆறு பேர் சேர்ந்து ஒரே மேசை கேட்காதீர்கள். நாலு பேர் மேசைதான் எங்களிடம் இருக்கிறது, ஒட்டிப் போட்டால் அம்மா குழம்பு வாளியோடு நடக்கிற வழி அடைந்துபோகும். ரெண்டு மேசையில் மூன்று மூன்று பேராக உட்காருங்கள், ஒரு வேளை பிரிந்திருந்தால் நட்பு உடைந்துவிடாது.

மூன்று, படம். சாப்பாட்டை எடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். அடுப்பில் நிற்கிற ஆளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கு வியர்வையோடு நைட்டியில் நிற்கிற படம் ஊருக்கெல்லாம் போவது பிடிக்காது, அதைச் சொல்லவும் தெரியாது, சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

சில்லறைக் காசு கொண்டு வாருங்கள். கியூஆர் எங்களிடமும் இருக்கிறது, ஆனால் அது அண்ணன் கைப்பேசியில் இருக்கிறது, அண்ணன் சந்தைக்குப் போயிருந்தால் காசு வந்ததா என்று பார்க்க ஆள் இல்லை.

சுறா2000 எழுதியது:

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆலமரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தனியாகச் சொல்லுங்க.

வெள்ளிக்கிழமை சைவம் எழுதியது:

உங்கள் சைவத் தோழிக்காக எழுதுகிறேன், நானும் அந்தக் கட்சிதான் (பேரைப் பார்த்து வெள்ளி மட்டும் என்று நினைக்க வேண்டாம்).

இந்த ஊரில் சைவத்துக்கு எதிரி கறியும் மீனும் இல்லை, அவை கண்ணுக்குத் தெரியும். ஒளிந்திருப்பதுதான் ஆபத்து. நாசி லெமாக் சம்பலில் நெத்திலியும் பெலாச்சானும் (இறால் விழுது) இருக்கும். ரொட்டி சானாய்க்குப் பக்கத்தில் ஊற்றுகிற குழம்பு பல மாமாக் கடைகளில் டால்ச்சா, பருப்பு மாதிரிதான் தெரியும், ஆனால் எலும்பு போட்டுக் கொதிக்கவைத்தது. ரொட்டி மாவிலேயே சிலர் முட்டை சேர்ப்பார்கள். சீ சியோங் ஃபன் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இந்த ஊர் வகையில் அரிசி மாவுத் தாளுக்குள் செங்குவாங் கிழங்கோடு உலர்ந்த இறாலும் வைத்துச் சுருட்டுவதுதான் அதன் ருசியே, ஆகவே அவருக்கு அது கிடையாது. மற்றவர்கள் சோஸ் இல்லாமல் ஊறவைத்த பச்சை மிளகாயோடு சாப்பிட்டுப் பார்க்கட்டும், அதற்கு வேறு எதுவும் வேண்டாம். கடைக்குக் கடை உள்ளே வைப்பது மாறும் என்பதால் முஸ்லிம் நண்பர் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

"சைவம்" என்று மட்டும் சொன்னால் மீ பிரட்டுகிறவர் கோழியை எடுத்துவிட்டு இறாலைப் போடுவார். "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், இறால் வேண்டாம், முட்டை வேண்டாம், நெத்திலி வேண்டாம்" என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அதே குவாலியில்தான் முந்தின ஆளுக்குக் கணவாய் பிரட்டியிருப்பார், அது உங்கள் தோழிக்கு ஆகுமா என்பதை அவரே சொல்லட்டும்.

நல்ல செய்தியும் உண்டு. சீனர் சைவக் கடைகள் சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் களைகட்டும், அன்றைக்கு வழக்கமாகச் சைவம் செய்யாத கடைகூடச் சில இடத்தில் செய்யும். நம் கடைகளில் வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் அப்படித்தான். நீங்கள் வருவது சனி என்பதால், முடிந்தால் அவரை மட்டும் வெள்ளி மாலையே வரச் சொல்லுங்கள், வெள்ளி இரவு அவருக்கென்று ஒரு வேளை. மற்றவர்கள் கறிக்குப் பறக்கும்போது அவர் ஓரமாகத் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருப்பது எனக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்த காட்சி.

மாட்டிறைச்சி தொடாத இரண்டு பேருக்கு: நாசி கண்டார் வாங்கும்போது தட்டில் சோறு விழுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவதுதான் பெருமை, ஒரே கரண்டி கோழிச் சட்டியிலும் போகும் மாட்டுச் சட்டியிலும் போகும். "குவா சம்போர் வேண்டாம், கோழிக்குழம்பு மட்டும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், கோபப்பட மாட்டார்கள்.

முஸ்லிம் நண்பரைப் பற்றி எல்லாரும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஜாக்கிம் (அரசாங்க இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) தருகிற ஹலால் சான்றிதழ் என்பது கடைக்காரர் தாமாக விண்ணப்பித்து வாங்குவது, ஒட்டுக்கடையில் பாதிப் பேரிடம் இருக்காது. ஒருவர் பன்றி விற்காத எந்தக் கடையிலும் உட்காருவார், இன்னொருவர் முஸ்லிம் நடத்துகிற கடையில் மட்டும் உட்காருவார். அவர் எந்தப் பக்கம் என்று அவரிடமே கேளுங்கள். நம் ஆட்கள் "அவன் வரமாட்டான்டா" என்று தாங்களே முடிவு செய்து விட்டுவிடுவதுதான் எரிச்சல்.

பெரட்டு மணி எழுதியது:

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. அந்த "எதையும் சாப்பிடுவான்" பையனுக்கு ஒரு வார்த்தை: காட்டுப்பன்றி வறுவல் கிடைக்கிற இடங்கள் தோட்டத்துப் பக்கம் உண்டு, பாதிக்குப் பாதி கள்ளுக்கடைக்குப் பக்கத்தில்தான். அவனை அங்கே கூட்டிப் போவதாக இருந்தால் தனியாக, ஒரு மோட்டாரில். எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் இருவர் வாசலில் நிற்பது மரியாதை இல்லை.

லங்காப் பையன் எழுதியது:

எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவதையே பேசுகிறீர்கள், அக்கா வீட்டுக்கு வாங்குவதையும் கேட்டார். என்னைக் கேட்டால் கூட்டாளிகளோடு சுற்றுவதற்குச் சாப்பாட்டுக்கடையைவிடச் சந்தையும் மளிகைக்கடையும் மேல். சாப்பாட்டுக்கடையில் எல்லாரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள், சந்தையில் பார்க்க முடியாது, யாராவது மீன் தண்ணியை ஊற்றிவிடுவார்கள்.

சனி காலையில் பசியாறி முடித்ததும் நேராக ஈரச்சந்தை. அங்கே அரைத்த மசாலா விற்கிற அக்காமார்களைத் தேடுங்கள், மிளகாய் விழுது, மஞ்சள், மல்லி, இஞ்சி பூண்டு எல்லாம் தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். என்ன சமைக்கப் போகிறீர்கள், எத்தனை பேர் என்று சொன்னால் போதும், கையாலேயே ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வழித்து ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். மீனுக்கு ஒரு கணக்கு, கோழிக்கு ஒரு கணக்கு, உறைப்பு குறைவாக வேண்டுமா என்று அவர்களே கேட்பார்கள். கோலாலம்பூரில் பாக்கெட் தூள் வாங்குகிறவர்களுக்கு இதைக் காட்டினால் வாயைப் பிளப்பார்கள். விழுது என்பதால் ரொம்ப நேரம் காடியில் வைத்திருக்க முடியாது, ஐஸ் பெட்டி கொண்டு வரச் சொல்லுங்கள். அதே வரிசையில் தேங்காய் துருவிக் கையோடு பால் பிழிந்து தருகிற கடையும் இருக்கும். பாகான் டத்தோ தென்னைக்குப் பேர்போன இடம், பக்கத்திலேயே இருப்பதால் தேங்காய்க்கு இங்கே பஞ்சம் இல்லை.

மளிகைக்கடையில் போய் ஒரு கிலோ சீனி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன 555 புத்தகங்கள் கட்டாகக் கிடக்கிறதா என்று பாருங்கள், குடும்பத்துக்கு ஒன்று. பற்று எழுதி மாதச் சம்பளத்தில் அடைப்பது பழைய தோட்டத்து வழக்கம், சில கடையில் இன்னும் ஓடுகிறது. என் பாட்டி வீட்டு அரிசி, பருப்பு, பள்ளிக்கூட நோட்டு எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் வந்தது. அந்த மாதிரி கடைகளில்தான் உள்ளூர் அக்காமார் சுட்ட முறுக்கும் அதிரசமும் போத்தலில் இருக்கும், பேர்ச்சீட்டு ஒன்றும் இருக்காது. தீபாவளி நெருக்கத்தில் போனால் முன்பதிவு செய்தவர்களுக்கே பத்தாது.

கருவாடும் பெலாச்சானும் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் போய் வாங்குங்கள், மீன்பிடி ஊர், உங்கள் வீட்டுக்கும் வழிதான். சைவத் தோழியை மற்றொரு காடியில் ஏற்றுங்கள்.

தே ஓ கோசோங் எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, ரொம்ப நன்றி. நண்பரிடம் கேட்டேன், பன்றி விற்காத கடையாக இருந்தால் போதும், கேள்வி கேட்டதே முதல் தடவை என்று சிரித்தார். சைவத் தோழி வெள்ளி மாலையே வருகிறாள்.

இப்போதைக்கு இப்படிப் போட்டிருக்கிறேன். சனி ஆறரைக்குத் தோசையும் இடியப்பமும், எல்லாவற்றையும் பங்கு போட்டு. எட்டரைக்குச் சந்தை. அப்புறம் வீட்டுக்கு வந்து விழுதையெல்லாம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஒரு தூக்கம். ஒன்றேகாலுக்கு வாழையிலை, ரெண்டு மேசை, ஆறு இலை (கடைக்காரர் மகள் கவனிக்க). சாயங்காலம் செண்டோல், கோபுரம், இருட்டியதும் மீ. ஞாயிறு சீ சியோங் ஃபன் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஜெண்டராத்தாவில் விசாரித்து வழி இருந்தால் ரொட்டி, அப்படியே அவர்கள் கிளம்பிவிடுவார்கள். எதையும் சாப்பிடுகிறவன் பெரட்டு மணி ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மோட்டார் எங்கே என்று கேட்கிறான்.

ஒரு சந்தேகம். கோலாலம்பூர் காடி பீடோர் வழியாகப் போகலாமா, மேற்குக் கரை நெடுஞ்சாலையைப் பிடிக்கலாமா? வழியில் நிற்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

சுறா2000 எழுதியது:

இது எனக்குத் தெரியும். பீடோர் வழியாகப் போகச் சொல்லுங்க, சுமார் 40 கிலோமீட்டர்தான். விதையில்லாக் கொய்யா சாலையோரத்திலேயே விற்பார்கள், ஊறுகாய் மாதிரி போட்டதும் கிடைக்கும். டோலுக்குள் நுழைவதற்கு முன்னால் வாங்கிவிடணும், ஏறிட்டால் திரும்ப முடியாது. வாத்துக்கால் மீயும் அங்கே பேர்போனது, சீனர் கடை என்பதால் உங்கள் நண்பர் வேறு காடியில் போனால் நல்லது.

கடைக்காரர் மகள் எழுதியது:

அக்கா, ஒன்றேகால் சரிதான், ஆனால் ஆறு பேருக்கும் மீன் தலை வேண்டும் என்றால் காலையிலேயே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்துக்கு இருக்காது. ஞாயிறு நாங்கள் திறப்பதில்லை.